வாயிற்காவலனின் இரண்டு கேள்விகள்

முதலில் ஓடக்காரனைக் கொன்றார்கள். அவன் செய்த குற்றம், படகுக்குக் கூலி கேட்டது. பிறகு சத்திரத்துச் சமையல்காரரைக் கொன்றார்கள்; குழம்பில் உப்பு கம்மி என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வழி சொல்ல வந்த சாமியாரையும் வெட்டிப் போட்டுவிட்டு, நடுக்காட்டில் நின்றுகொண்டு, “மச்சான், இப்ப எந்தப் பக்கம் போவணும்?” என்று என்னையே கேட்டார்கள்.

பயப்பட வேண்டாம். இதெல்லாம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு பம்புசெட் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற கொலைகள். விளையாட்டுத்தான். ஒருவன் ராஜா காலத்துக் கதை ஒன்றைச் சொல்லுவான். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்ய முடிந்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். காரியம் எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு பெரிய எண்ணைக் கதை சொல்பவன் கேட்பான். விழுந்தால் ஜெயம், விழாவிட்டால் அடி.

கதை சொல்பவன் நான், சேரன். மற்ற நாட்களில் கூரியர் ஆபீசில் உட்கார்ந்து, “பார்சல் வந்துகிட்டே இருக்கு சார்” என்று போனில் கதை சொல்கிறேன். ஆகவே தகுதிக்குக் குறைவில்லை.

கடை இளவரசுவினுடையது. கல்லூரியில் என் அறைத் தோழன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் அவர்களுக்கு நிலமும் ரைஸ் மில்லும் உண்டு. ஆட்டத்தில் அவன் உக்கிரசேனன் என்கிற கோடாலி வீரன். மேலே சொன்ன மூன்று கொலைகளும் அவன் கணக்கு. அவன் தங்கை இளமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஆட்டத்தில் மந்திரவாதி. விதிப் புத்தகத்தை நாலு பேரில் அவள் ஒருத்திதான் படித்திருக்கிறாள், அதனால் அவளை யாருக்கும் பிடிக்காது. மூன்றாவது ஆள் என் மனைவி பொன்னி. ஆட்டத்தில் மின்னல் என்கிற திருடி. நிஜத்தில் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன், அப்போது ஆறாவது மாசம். தினமும் விடிகாலையில் கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் யார் யார் ரத்தத்தையோ எடுத்துவிட்டு, சாயங்காலம் நின்றுகொண்டே திரும்பி வருவாள்.

கீழே டீக்கடை வைத்திருக்கும் சுப்புராயன் அண்ணன் நாங்கள் மாடியில் சூதாடுகிறோம் என்று நம்புகிறார். “இன்னைக்கு யாரு ஜெயிச்சது?” என்று கேட்பார். “இதுல யாரும் ஜெயிக்க மாட்டாங்கண்ணே” என்று சொன்னால், போலீசுக்குச் சொல்ல வைத்திருக்கும் பதில் போலிருக்கிறது என்று கண்ணடிப்பார்.

சாமியார் செத்த அன்று எனக்கு வெறுத்துப்போனது. இனி ஒரு வாரமாவது கத்தி, கோடாலி எதற்கும் வேலையில்லாத ஒரு கட்டத்தை உருவாக்கியே தீருவது என்று உட்கார்ந்தேன். இணையத்தில் இதற்கென்றே ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக உபதேசம் கிடக்கிறது. ஒரே உருட்டலில் எல்லாவற்றையும் முடிக்காதே. பேச்சு, தந்திரம், கைத்திறமை என்று பல வழி வை. எதிரே நிற்கிறவனுக்கு ஓர் ஆசை, ஒரு கவலை இருக்கட்டும். முக்கியமாக, தோற்றாலும் கதை நின்றுவிடக் கூடாது. ஒரு கதவு மூடினால் இன்னொரு வழி திறக்க வேண்டும். படிக்கப் படிக்க உள்ளம் உருகியது. இதை எழுதிய மகராசன் தன் வாழ்நாளில் வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டான்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். பிரசவத்துக்கு முன் பொன்னியின் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அவ்வளவுதான் எங்கள் பேராசை. சிதம்பரத்தில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கமான மனிதர்கள். உட்காரச் சொல்வார்கள், ஃபேன் போடுவார்கள், எந்த ஊர் என்பார்கள், அங்கே எந்தத் தெரு என்பார்கள். பதில் சொன்னதும் அவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துவிடும்: வெளிநாட்டிலிருந்து மகன் திரும்பி வரப்போகிறான், வீடு அவனுக்கு வேண்டும். நாங்கள் போன வீடுகளின் மகன்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பியிருந்தால் சிதம்பரம் தாங்கியிருக்காது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நான் ஒரு கோட்டைக் கதவை உருவாக்கினேன். அதற்கு ஒரு கிழட்டு வாயிற்காவலன். அவனுக்கு மூட்டுவலி கொடுத்தேன், கல்யாணமாகாத மகள் ஒருத்தியைக் கொடுத்தேன், வறுத்த மீன் மேல் தீராத ஆசை கொடுத்தேன். வைத்தியம் தெரிந்தவர்கள் மூட்டுவலி வழியாகப் போகலாம். சமைக்கத் தெரிந்தவர்கள் மீன் வழியாகப் போகலாம். ராஜமுத்திரையைப் போலியாகச் செய்யலாம், வைக்கோல் வண்டிக்குள் ஒளியலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழ வேண்டும் என்று யோசித்து யோசித்து அந்த வாரம் கூரியர் ஆபீசில் நாலு பார்சல் ஊர் மாறிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். இளவரசு கோடாலியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். எனக்குப் புல்லரித்தது. பிறகு கேட்டான்:

“பெரியவரே, உங்களுக்கு எந்த ஊரு?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “மேல்கரை.”

“மேல்கரையா! மேல்கரையில எந்தத் தெரு?”

“கோயில் தெரு.”

“அடடா, எங்க பெரிய அத்தைய அங்கதான கட்டிக் கொடுத்திருக்குது? கோயில் தெருவுல மூணாவது வூடு. அப்பிடின்னா நீங்க எனக்கு மாமா முறை ஆவணும் மாமா!”

இளமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விதிப்படி உருட்டச் சொன்னேன். ஆறு விழுந்தது. ஆறு என்பது திண்டாடுகிற எண். ஆறு வைத்துக்கொண்டு ஒரு கோழியைக்கூட ஏமாற்ற முடியாது. ஆனால் மேசையே சிரித்துக்கொண்டிருந்தது, வாயிற்காவலனுக்கு நான் கொடுத்த குரலும் தானாகக் குழைந்துவிட்டது. “அட மருமவனே, இத மொதல்லியே சொல்றதில்லியா?” என்று கதவைத் திறந்துவிட்டேன். மூட்டுவலி, மகள், வறுத்த மீன், வைக்கோல் வண்டி எல்லாம் அப்படியே கிடந்தன.

“இதுக்குப் போயி ஒரு வாரம் மண்டைய ஒடச்சிக்கினியா மச்சான்?” என்றான் இளவரசு. “நம்ம பக்கம் எந்தக் கதவா இருந்தாலும் ரெண்டு கேள்வியில தொறந்துரும். எந்த ஊரு, எந்தத் தெரு. முடிஞ்சிது.”

பொன்னி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, “மின்னலு சுவரேறிப் போறா” என்றாள்.

“கதவுதான் தொறந்து கெடக்குதே தங்கச்சி?”

“கெடக்கட்டும் அண்ணே. அவ சுவரேறிப் போறா.”

பகடையை எடுத்து உருட்டினாள். நல்ல எண் விழுந்தது, ஏறிக் குதித்தாள். கோட்டைக்குள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு இளவரசு ரொம்ப சந்தோஷமாக இருந்தான். ஆட்டம் முடிந்து இறங்கும்போது எங்கள் வீட்டுத் தேடல் பற்றி அவனுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதில்லியாடா? உனக்குப் பேசத் தெரியல, அதான். வர்ற ஞாயித்துக்கெழம ஆட்டம் வாணாம், என் கார்லயே போவோம். நான் பேசுறேன் பாரு” என்றான்.

அவன் நல்லவன்தான். அதுதான் தொல்லை. நான் ஜாதியெல்லாம் பாக்குறதில்ல மச்சான் என்று அடிக்கடி சொல்லுவான், அது உண்மையும்கூட. பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு வந்ததே இல்லை. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அவனுக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ கிடைத்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கலியமூர்த்தி ஐயாவின் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், பொன்னியின் ஆஸ்பத்திரி அதைவிடப் பக்கம். மாடியில் அவர் இருந்தார், கீழ்ப் போர்ஷன் காலி. ரிட்டயர் ஆனவர், வெள்ளைப் பனியன், கையில் பேப்பர். இளவரசு செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“ஐயாவுக்கு சிதம்பரமேதானா, இல்ல பூர்வீகம் வேற எங்கியாச்சுமா?”

“நமக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் தம்பி.”

“அட, எங்களுக்கும் அங்கதான்!” என்றான் இளவரசு, கோட்டைக் கதவு திறந்தபோது இருந்த அதே முகத்தோடு.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அப்படி எழுத முடியாது. எந்தத் தெரு, யார் வீடு, ஓ ரைஸ் மில்லு ராமாமிர்தம் பேரனா, உங்க அத்தைய எங்க பங்காளி வூட்லதான் கொடுத்திருக்குது. காப்பி வருவதற்குள் அவர் மாமா, இவன் மருமகன். பகடையே தேவைப்படவில்லை. “போயி வூட்டப் பாருங்கப்பா” என்று சாவியை எடுத்து நீட்டினார்.

பொன்னி உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள், உப்பு இல்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்தாள். அடுத்த வீட்டு முருங்கை மரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கூடத்தில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே ஓர் இரும்புக் கொக்கி இருந்தது.

“இதுல தூளி கட்டலாம் பாருங்க” என்றாள் என்னிடம்.

இத்தனை வீடு பார்த்ததில், ஒரு வீட்டில் நின்று அவள் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. வெளியே வந்து உட்கார்ந்தோம். கலியமூர்த்தி ஐயா என் பக்கம் திரும்பினார். சிரித்த முகம்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“சேத்தியாத்தோப்பு பக்கம்ங்க” என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“தெரியுமே! அங்க எந்தத் தெரு?”

இளவரசு என் தொடையைத் தட்டினான். சொல்லுடா, ஒரு மாமாவைப் பிடித்துவிடலாம் என்கிற ஆர்வம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. பொன்னி காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலனிங்க” என்றேன்.

ஐயாவின் சிரிப்பு மாறவே இல்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். பேப்பரை மடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் பாருங்க. பெரிய பையன் துபாய்லேர்ந்து வரேன்னு சொல்லிக்கினு இருக்கான். வந்தா அவனுக்கு இந்தப் போர்ஷன்தான். தப்பா நெனச்சிக்காதீங்க. மருமவனே, நீ இருந்து சாப்ட்டுட்டுப் போயேன்?”

மருமகன் சாப்பிடவில்லை. அந்த அளவுக்கு விசுவாசி. காரில் திரும்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் இளவரசு மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

“மாமாவச் சொல்லியும் குத்தமில்ல, நெஜமாவே பையன் வரானோ என்னமோ. இருந்தாலும் மச்சான், நீயும் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம். மாரியம்மன் கோயில் தெரு, மெயின் ரோடுன்னு ஏதாச்சும். ஒரே ஒரு வார்த்ததான? முடிஞ்சிருக்கும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கலியமூர்த்தி மேல் வந்ததைவிட இவன் மேல் வந்ததுதான் ஜாஸ்தி. அவர் கதவை மூடினார். இவன், நீ நீயாக இல்லாமல் இருந்திருந்தால் திறந்திருக்கும் என்கிறான், அதையும் அன்பாகச் சொல்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பொன்னி, “வண்டிய நிறுத்துங்க அண்ணே, வாந்தி வர்ற மாதிரி இருக்குது” என்றாள். இறங்கி ரோட்டோரம் நின்றாள். வாந்தி ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் உப்புக்காற்றில் நின்றுவிட்டு ஏறிக்கொண்டாள்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் எந்த உபதேசத்தையும் படிக்கவில்லை. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தயாராகிவிட்டது. அதே கோட்டை, அதே கதவு, அதே வாயிற்காவலன். மூட்டுவலியும் மீனும் அப்படியே. ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன்.

“இன்னைக்கு வேஷம் மாத்திக்கலாம்” என்றேன். “இளவரசு, நீ மின்னல எடுத்துக்க. பொன்னிக்குக் கோடாலி.”

“திருடியா? ஜாலிதான்” என்றான். “அவ எந்த ஊரு?”

“கோட்டைக்கு வெளிய. அகழிக்கு அந்தாண்ட இருக்கிற குடிசைங்க.”

வாயிற்காவலன் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். வெயிலில் வந்திருக்கீங்களே என்று வருத்தப்பட்டான். பிறகு கேட்டான், எந்த ஊரும்மா?

இளவரசு எங்களைப் பார்த்துச் சிரித்தான். “மேல்கரை மாமா. கோயில் தெரு.”

“பொய் சொல்ற. உருட்டு” என்றேன்.

பதினைந்து. தப்பித்தான். “கோயில் தெருவுல யார் வூடு?” என்றான் வாயிற்காவலன். மறுபடி உருட்டச் சொன்னேன். பதிமூன்று. “அப்பா பேரு என்னா?” உருட்டினான். “யார் வூட்லேர்ந்து பொண்ணு எடுத்த வூடு உங்களுது?” உருட்டினான். “தாய்மாமன் யாரு?” ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு கேள்வி இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இன்னொரு உருட்டல்.

“எத்தினி வாட்டிதான்டா உருட்டுறது?” என்று கத்தினான்.

“ஒரே ஒரு வார்த்ததான அண்ணே?” என்றாள் பொன்னி.

இளமதி விதிப் புத்தகத்தை மூடி வைத்தாள். அவள் அதை மூடி நான் அன்றுதான் பார்த்தேன்.

இளவரசுவின் காதுமடல் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, “சரி. பொய் வாணாம். உண்மையச் சொல்றா. நான் அகழிக்கு அந்தாண்ட குடிசைலேர்ந்து வரேன் ஐயா. எனக்கு உள்ள ஒரு வேல இருக்குது. யாருக்கும் தொந்தரவு இல்ல. தொறந்து விடுங்க” என்று அழகாகச் சொன்னான். உண்மையிலேயே அழகாகச் சொன்னான். பகடையைக் கைக்குள் வைத்து ஊதி உருட்டினான்.

இருபது.

மேசை அதிர எழுந்து நின்றான். இருபது விழுந்தால் இந்த ஆட்டத்தில் டிராகனே காலைப் பிடிக்கும். நான் வாயிற்காவலனின் குரலை எடுத்துக்கொண்டேன்; பேப்பரை மடிப்பதுபோல் கையை மடித்தேன்.

“ரொம்ப நல்லாப் பேசுறம்மா. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் பாரு. பெரிய பையன் வரேன்னு சொல்லிக்கினு இருக்கான்.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“டேய், இருபது விழுந்திருக்குதுடா.”

“ஆமா. பெரிய நம்பர்.”

“எனக்கு அன்னைக்கு ஆறுக்கே தொறந்தியேடா? அப்ப இதுக்கு எவ்ளோதான் விழணும்?”

“எனக்குத் தெரியல. உங்க மாமாவக் கேளு” என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அவன் நிஜமாகவே போனை எடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. எடுத்தான், ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான்.

“மாமா, இளவரசு பேசுறேன். துபாய்லேர்ந்து உங்க பெரிய பையன் எப்ப வராரு?”

“யாரு, அவனா? அவன் எங்கப்பா வரப்போறான், அங்கியே செட்டில் ஆயிட்டான்” என்றது போன். “ஏன், வூட்டுக்குக் கேக்குறியா? நீ வர்றதுன்னா சொல்லு மருமவனே, சாவி ஆணியிலதான் தொங்குது. அன்னைக்கு வந்த தம்பியும் நல்ல பையனாத்தான் தெரிஞ்சான், அந்தப் பொண்ணும் பாவம் வயித்துப் புள்ளக்காரி. ஆனா நம்ம தெருவுல நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க இல்ல? உனக்குத் தெரியாததா?”

இளவரசு போனை அணைத்தான். கீழே யாரோ சுப்புராயன் அண்ணனிடம் டீக்கு சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பகடையைப் பார்த்தான். அது இன்னும் இருபதைக் காட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பொன்னியின் முகத்தையும் பார்க்கவில்லை.

“சரி” என்றான் கடைசியில். “சுவரேறிப் போறேன். சுவரு எவ்ளோ ஒசரம்?”

நான் ஒரு எண் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பொன்னி, நாற்காலியில் ஒரு கையை ஊன்றி இடுப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“ஏழு மாச வயித்தோட ஏற முடியாத ஒசரம் அண்ணே.”